பொழுதோடு சாப்பிடுங்கள்!

சிவாலயங்களில் அர்த்தஜாம பூஜையை ஒரு நாளாவது இருந்து தரிசித்திருப்பீர்கள். உச்சிக்கால பூஜையில் சுவாமிக்கு அன்னம் நைவேத்தியம் ஆகும். இரவு பள்ளியறைக்கு எழுந்தருளும்போது பல கோயில்களில் காய்ச்சிய பால்தான் முக்கிய நைவேத்தியம். அத்துடன் நடை சாத்திவிடுவார்கள். மறுநாள் திருப்பள்ளியெழுச்சி வரை மணிச் சத்தமும் கிடையாது, மடப்பள்ளியில் புகையும் கிடையாது.

ஆண்டவனுக்கு இப்படி நேரம் பார்த்துப் படைக்கிற நாம், நம் வயிற்றுக்கு என்றாவது நேரம் பார்த்திருக்கிறோமா?

வடசென்னையில் தியாகராஜ சுவாமியும் வடிவுடையம்மனும் அருள்பாலிக்கும் திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் போகும் வழியில் இருக்கிறது எர்ணாவூர். ஒரு பக்கம் கடல், மீனவர் குப்பம், சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகள். மற்ற பக்கம், எண்ணூருக்கும் மணலிக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் வசிக்கும் தெருக்கள். இங்கே பல வீடுகளில் சுவர்க் கடிகாரத்தைவிட ஷிஃப்ட்தான் பெரிது. காலை 6 முதல் 2, பகல் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் விடிகாலை 6 என்பது பொதுவான கணக்கு. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று.

கணவருக்கு இரண்டாவது ஷிஃப்ட் இருக்கும் வாரத்தில், அந்த வீட்டு அம்மாவின் ஒரு நாளை எண்ணிப் பாருங்களேன். காலை 5 மணிக்குப் பால் காய்ச்சி, முதல் காபி. பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிவிட்டு, 9 மணிக்கு மிஞ்சிய இட்லி. கணவர் கிளம்பும் நேரத்தில் அவரோடு சேர்ந்து சாதம், குழம்பு. 4 மணிக்கு டீ. இரவு 8 மணிக்குப் பிள்ளைகளுக்குத் தோசை வார்க்கும்போது, பிய்ந்து போன ஒன்று இவர் வாய்க்கு. டி.வி. பார்க்கும்போது கொஞ்சம் முறுக்கு. கணவர் வந்து, குளித்து, உட்காரும்போது மணி 11. ‘அவர் மட்டும் தனியாகச் சாப்பிடுவாரா?’ என்று இவரும் தட்டு வைத்துக்கொள்கிறார். கை கழுவும்போது பதினொன்றரை.

காலைக் காபியிலிருந்து இரவு கடைசிக் கவளம் வரை பதினெட்டரை மணி நேரம்! வயிற்றுக்கு நடை சாத்தியது வெறும் ஐந்தரை மணி நேரம்தான்.

எர்ணாவூரை மட்டும் சொல்வானேன்? மயிலாப்பூரிலும் மடிப்பாக்கத்திலும் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் மகனுக்காக, மருமகளுக்காக நள்ளிரவில் தோசைக்கல் போடும் அம்மாக்கள் எத்தனை பேர்! எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று நாம் நிறையப் படித்துவிட்டோம். எப்போது சாப்பிடுகிறோம் என்பதும் உடம்புக்கு ஒரு செய்தி என்கிறது சமீபத்திய விஞ்ஞானம். சீக்கிரம் முதுமை வருவதோடும் புற்றுநோயோடும்கூட அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு தூரம் நம்பலாம்? நிதானமாகப் பார்ப்போம், வாருங்கள்.

குகைக்குள் ஒரு கடிகாரம்

இந்தக் கதையில் நம் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்றொரு பேராசிரியர் இருந்தார். உயிர்களுக்குள் இருக்கும் கடிகாரத்தை ஆராய்வதில் இந்திய முன்னோடி. 2009-ல் காலமானார். அவரும் அவருடைய மாணவர்களும் எடுத்துக்கொண்ட உயிர், வௌவால்.

வெளிச்சமே எட்டாத இருட்டுக் குகைக்குள் தொங்கும் வௌவால்களுக்கு, வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? சில வௌவால்களைக் குகைக்குள்ளேயே கூண்டில் வைத்துக் கவனித்தார்கள். சுற்றத்தார் இரை தேடக் கிளம்பும் அதே நேரத்தில், கூண்டுக்குள் இருந்ததும் சுறுசுறுப்பானது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்த வௌவாலுக்கோ நாளுக்கு நாள் நேரம் நழுவிக்கொண்டே போனது. அதாவது, உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஆனால், அதைத் தினமும் சரிசெய்ய வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வேண்டும். சுற்றத்தார் புறப்படும் அரவம்கூட அந்த சமிக்ஞையாக இருக்கலாம். இது 1981-ல் ஆராய்ச்சி இதழில் வெளியானது.

இதைப் படித்தபோது எனக்கு ஷிஃப்ட் வீடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஃபேக்டரிக்குப் போவது ஒருவர். ஆனால், அவர் கிளம்புகிற, திரும்புகிற அரவத்துக்கு வீடே விழிக்கிறது, வீடே சாப்பிடுகிறது!

மனிதர்களையும் சந்திரசேகரன் விடவில்லை. கடிகாரமோ, ஜன்னலோ, ரேடியோவோ இல்லாத ஓர் அறையைப் பல்கலைக்கழகத்திலேயே அமைத்து, தாமாக முன்வந்தவர்களை அதில் நாள்கணக்கில் தங்கவைத்துக் கவனித்தார். இதே மாதிரி அறைகளை ஜெர்மனியில் முன்பே அமைத்தவர் யூர்கன் ஆஷ்ஹாஃப். அவருடைய குழு 1986-ல் ஒரு வேடிக்கையான விஷயத்தை எழுதியது. நேரம் தெரியாத அறையில் இருப்பவர்களுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுபோகும். நாள் நீண்டவர்கள் கூடுதலாக ஒரு வேளை சாப்பிட்டார்களா என்றால், இல்லை! அதே மூன்று வேளையைத்தான் இடைவெளி விட்டுச் சாப்பிட்டார்கள். பசியும் உள்ளே ஓடும் கடிகாரத்தின் பேச்சைத்தான் கேட்கிறது.

மூலவரும் பரிவாரங்களும்

இந்தக் கடிகாரம் உடம்பில் ஒன்றல்ல. மூளைக்குள், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, தலைமைக் கடிகாரம் இருக்கிறது. கோயிலில் மூலவர் சந்நிதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சூரிய வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளும். கல்லீரல், கணையம், குடல் என்று பரிவார சந்நிதிகளிலும் ஆளுக்கொரு கடிகாரம் உண்டு. அவை நேரம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் நாம் சாப்பிடும் வேளையைப் பார்த்து. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இருட்டியதும் மூளையிலிருந்து மெலடோனின் என்ற சுரப்பு கூடும். ‘தூங்கப் போகலாம்’ என்பது அதன் உத்தரவு. அது ஏறிய நேரத்தில் கணையம் இன்சுலின் தருவதில் மந்தமாகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து நாம் சாதமும் உருளைக்கிழங்கும் போட்டால், மூலவர் சந்நிதியில் நடை சாத்தியாயிற்று, பரிவார சந்நிதியில் மேளம் என்ற கதைதான். பகலில் சாப்பிட்ட அதே அளவு சாதம், இரவு பதினொரு மணிக்கு ரத்தத்தில் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது. இறங்கவும் நேரம் எடுக்கிறது. தினமும் இப்படியே நடந்தால் இன்சுலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிப்பதில்லை. ‘வளர், பெருகு’ என்று செல்களுக்குச் சொல்வதும் அதுதான். நல்ல செல்லுக்கு அது நல்ல சேதி. கெட்டுப்போன செல்லுக்கும் அதே சேதி போய்விடுகிறது என்பதுதான் சங்கடம்.

இதன் மறுபக்கம் இன்னும் சுவாரசியமானது. சில மணி நேரம் உணவு வராமல் இருந்தால், செல்கள் தமக்குள் தேங்கிய பழுதுகளை, சிதைந்த புரதங்களை உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கின்றன. அடுப்படியை ஒழித்துப் போட்டுக் கழுவித் துடைக்கிறோமே, அந்த மாதிரி. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் எப்போது கழுவுவது? இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்ட்டில் ஆராய்ந்து சொன்ன ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி, 2016-ல் நோபல் பரிசு பெற்றார். வயதாக ஆக இந்தத் துப்புரவு மந்தமாகிறது என்பதால்தான் முதுமை பற்றி ஆராய்பவர்கள் இதையே சுற்றி வருகிறார்கள். ‘பதினாறு மணி நேரம் பட்டினி இருந்தால் துப்புரவு ஆரம்பிக்கும்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள். மனிதருக்கு அத்தனை துல்லியமாக அளந்து சொல்லும் எளிய பரிசோதனை எதுவும் இல்லை.

எலிகளிடம் அளக்க முடிந்திருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் விஞ்ஞானிகள் 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. 30 சதவிகிதம் குறைவாகத் தீனி தந்து, அதையும் நாள் பூராவும் பரப்பித் தந்தபோது எலிகளின் ஆயுள் 10 சதவிகிதம் கூடியது. அதே குறைந்த தீனியை, எலிகள் சுறுசுறுப்பாக இருக்கும் இரவு நேரத்தில் மட்டும் தந்தபோது 35 சதவிகிதம் கூடியது! (எலிக்கு ராத்திரிதான் பகல், நாம் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.) எலியின் ஆயுள் மூன்று வருடம் போல, நம் கதை அதைவிடச் சிக்கலானது. ஆனாலும், அளவு ஒன்றாக இருக்கும்போது வேளை மட்டுமே இத்தனை வித்தியாசம் செய்தது என்பது அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல.

புற்றுநோய் விஷயம் என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை, ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து, இரவு ஷிஃப்ட் வேலை என்று பெயரிட்டு, அதே பட்டியலில் வைத்தது. ‘நிச்சயம் உண்டாக்கும்’ என்ற பட்டியல் வேறு, அதில் சேர்க்கவில்லை. நைட் ஷிஃப்ட் போகிறவருக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று பயந்துவிடாதீர்கள்.

சரி, ஷிஃப்ட்டுக்கே போகாத நாம்? 2018-ல் ஸ்பெயினில் ஓர் ஆராய்ச்சி. மார்பகப் புற்றுநோய் வந்த 1,205 பெண்களையும், புராஸ்டேட் புற்றுநோய் வந்த 621 ஆண்களையும், நோய் இல்லாத மற்றவர்களையும் ‘எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்?’ என்று கேட்டார்கள். நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களை இதில் சேர்க்கவே இல்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துப் படுப்பவர்களுக்கு, சாப்பிட்ட கையோடு படுப்பவர்களைவிட ஆபத்து சுமார் 20 சதவிகிதம் குறைவாகத் தெரிந்தது. நூறு பேரில் இருபது பேர் தப்பித்தார்கள் என்று இதற்கு அர்த்தமல்ல. பத்துப் பேருக்கு வரக்கூடிய இடத்தில் எட்டுப் பேர் என்பது போலத்தான் இந்தக் கணக்கு.

அதற்கு முன்பே, 2016-ல் அமெரிக்காவிலிருந்து இன்னொன்று. ஆரம்ப நிலையில் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்ற 2,413 பெண்களைக் கவனித்ததில், இரவில் 13 மணி நேரத்துக்குக் குறைவாக உணவு இடைவெளி விட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து 36 சதவிகிதம் அதிகமாகக் காணப்பட்டது.

இரண்டிலுமே ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. இவை தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிரூபிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறவர் நேரத்துக்குத் தூங்கியும் இருப்பார், நடைப்பயிற்சியும் செய்திருப்பார். எது காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். என் அபிப்பிராயம் கேட்டால், இதில் செலவு எதுவும் இல்லை, ஆரோக்கியமானவருக்கு இரவுச் சாப்பாட்டை முன்னால் கொண்டுவருவதால் நஷ்டமும் இல்லை. அதனால் நிரூபணத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்பேன்.

எர்ணாவூர்ப் பெண்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். ‘எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் கரி படிகிறது. காற்றை விட்டுவிட்டு, நாங்கள் சாப்பிடும் நேரத்தையா கேட்கிறீர்கள்?’ உண்மைதான். வெளிக் காற்றின் மாசு புற்றுநோயை ‘நிச்சயம் உண்டாக்கும்’ என்ற பட்டியலிலேயே 2013-ல் சேர்க்கப்பட்டுவிட்டது. சாப்பாட்டு நேரத்தைவிட அதற்குச் சான்றுகள் வலுவானவை. அது அரசாங்கமும் தொழிற்சாலைகளும் செய்ய வேண்டிய வேலை. நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. இரவு எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சென்னைப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்பகப் புற்றுநோய்தான். மார்பில் கட்டியோ, காம்பில் கசிவோ தெரிந்தால் நேரே டாக்டரிடம் போக வேண்டும். ‘ஆறு மணிக்கே சாப்பிட்டுவிடுகிறேன், சரியாகிவிடும்’ என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவதும் ஆபத்து.

வீட்டில் என்ன மாற்றலாம்?

கணவரின் ஷிஃப்ட் எதுவானாலும் உங்கள் சாப்பாட்டு நேரம் மாறக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். அதுதான் முதல் படி. இரவு 7 அல்லது 7.30 மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டுவிடுங்கள். கணவர் வரும்போது பரிமாறுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் போதும். ‘கணவர் சாப்பிடாமல் நான் எப்படி?’ என்று மனசு கேட்கும். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவும்கூடும். ஆனால், அந்தக் காலத்தில் வயலிலிருந்தோ கடையிலிருந்தோ வீட்டுக்காரர் விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினார். காத்திருந்து சாப்பிட்டாலும் எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்து ஃபேக்டரி கடிகாரத்தில் மாட்டினால், பசியோடு மூன்று மணி நேரம் காத்திருப்பது நீங்கள்தான்.

இரண்டாவது ஷிஃப்ட்டுக்குப் போகிறவர், ஏழு எட்டு மணிக்குள் அங்கேயே கேன்டீனிலோ, நீங்கள் கட்டிக் கொடுத்த டப்பாவிலோ முக்கியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மோரோ, பாலோ, ஒரு வாழைப்பழமோ எடுத்துக்கொள்ளலாம். நைட் ஷிஃப்ட் என்றால், கிளம்புவதற்கு முன்பே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நடு இரவில் பிரியாணி, பரோட்டா என்று போகாமல் இருப்பது நல்லது. பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் 19 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். இரவு வேலை நேரத்தில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவிகிதம் கூடியது. அதேபோல் இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டுமே சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. சிறிய ஆராய்ச்சிதான். ஆனால், நம் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

பால், சர்க்கரை போட்ட காபியும் உணவுக் கணக்கில்தான் வரும். தண்ணீர் வராது. முதல் காபி 6 மணிக்கு, கடைசிக் கவளம் 7.30-க்கு என்று கொண்டுவந்தாலே இடைவெளி பத்தரை மணி நேரம் ஆகிறது. மெதுவாக அதைப் பன்னிரண்டாக்கினால் போதும். அதற்கு மேல் போட்டி போட வேண்டாம். 2024-ல் அமெரிக்காவில் சுமார் 20,000 பேரின் விவரங்களைப் பார்த்தபோது, எட்டு மணி நேரத்துக்குள் எல்லாச் சாப்பாட்டையும் அடக்குகிறவர்களிடம் இதய நோய் மரணம் அதிகமாகத் தெரிந்தது. அதுவும் நிரூபணம் அல்ல. ஆனால், பட்டினியை அளவுக்கு மீறி இறுக்குவதற்கு முன் யோசிக்க வைக்கிறது.

விரத நாளில் நடப்பது

‘நாங்கள்தான் மாதம் இரண்டு ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை எல்லாம் இருக்கிறோமே!’ என்பீர்கள். சந்தோஷம். ஆனால், எப்படி இருக்கிறோம்? பகலெல்லாம் காபியிலேயே ஓட்டிவிட்டு, இரவு பூஜை முடித்து ஒன்பதரை மணிக்கு, ‘சாதம்தான் கூடாது, பலகாரம் சாப்பிடலாம்’ என்று ஆறு இட்லி, கிண்ணம் நிறைய உப்புமா, இரண்டு வடை. விரதத்தின் மொத்த உணவும் கணையம் தூங்கப் போகும் நேரத்தில் உள்ளே போகிறது.

நம் பெரியவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்... ‘ஒருபொழுது’. ஒரு வேளை என்ற அளவும் அதில் இருக்கிறது, பொழுது என்ற நேரமும் இருக்கிறது. பகலையும் இரவையும் ஆறு சிறுபொழுதாகப் பிரித்துப் பெயர் வைத்த மொழி நம்முடையது. வள்ளுவரும் ‘மருந்து’ என்ற அதிகாரத்தை மூலிகை பற்றி எழுதவில்லை. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து உண்பதைத்தான் அதில் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். ஒருபொழுது இருப்பவர்கள் அந்த ஒரு வேளையை உச்சிப்பொழுதில் வைத்துக்கொண்டு, இரவு பாலும் பழமும் என்று முடித்தால் விரதமும் குறையாது, உடம்பும் நோகாது.

நம் சௌகார்பேட்டையிலேயே ஜைன சகோதரிகள் பலர் சூரியன் மறைந்த பிறகு உணவைத் தொடுவதில்லை. விளக்கு வெளிச்சத்தில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடிந்துவிடக் கூடாதே என்ற அகிம்சைதான் அதற்குக் காரணம்; உடம்புக்காக ஏற்பட்டதல்ல. கடைகள் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் அந்த வியாபாரத் தெருக்களிலும், ஆறு மணிக்கு முன்னால் சாப்பாட்டை முடிப்பது அவர்களுக்குச் சாத்தியமாகத்தான் இருக்கிறது.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், உடல் மெலிந்த முதியவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது. கீமோதெரபி நேரத்தில் எப்போது பசிக்கிறதோ அப்போது சாப்பிடுவதுதான் முக்கியம். அவர்களிடம் போய் நேரக் கணக்குப் பேசாதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், இரவுச் சாப்பாட்டை ஒன்பதிலிருந்து ஏழுக்கு மாற்றினாலும் மருந்தின் நேரத்தையும் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விடிகாலையில் சர்க்கரை இறங்கி, வேர்த்து, மயக்கம் வரலாம். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கும் எண்ணம் இருந்தால், காப்புக் கட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.